மணி முதலிலா, வால்வு முதலிலா

துளசிமணி போன மாதம் இறந்துவிட்டாள். ஈரல் நோய். படுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவள் உயிரோடு இருந்தவரை இதை நான் எழுதியிருக்க முடியாது. இனி எழுதலாம்.

என் கணவர் நஞ்சப்பன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பெருந்துறையைத் தாண்டிக் கரட்டுக் குன்றை ஒட்டி அப்போது ஒரு குளிர்நிலை ஆய்வு மையம் இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள். பனி மலையிலும் இல்லாத குளிரை இயந்திரத்தால் உண்டாக்கி, அந்தக் குளிரில் பெரிய காந்தத்துக்கு நடுவே பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அங்கே பார்ப்பார்கள். அவர் அங்கே மெக்கானிக். குழாய், பம்பு, வால்வு எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் காஸ் அடுப்பை நான் அணைத்த பிறகும் எழுந்து வந்து ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தேன். சாட்சிகள் சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்ல அடிக்கும் வேலை. அப்போதே இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், இதை ஏன் என்னிடம் சொல்கிறார், ஏன் இப்போது சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும்.

அவர் இறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். காந்தம் பத்தடி ஆழக் குழிக்குள் இருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை அதற்குக் குளிர் திரவம் நிரப்ப வேண்டும். நிரப்பும் முன், உள்ளே தேங்கியிருக்கும் குளிர் வாயுவை வால்வு திறந்து வெளியே விட வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. விஷமும் இல்லை. ஆனால் குழிக்குள் நிறைந்துவிட்டால் மூச்சுக்குக் காற்று இருக்காது. அதனால் முதலில் மேலே இருப்பவர் உறிஞ்சு விசிறியைப் போடுவார். பிறகு மணி அடிப்பார். மணி கேட்ட பிறகு கீழே இருப்பவர் வால்வைத் திறப்பார். விசிறி, மணி, வால்வு. அவ்வளவுதான் வேலை. வால்வு விசிறியை முந்திக்கொண்டால், குளிரில் விசிறியின் மடல் உறைந்து மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு விசிறி சுற்றும், காற்றை இழுக்காது.

அந்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மடல் உறைந்திருந்தது. அவர் ஏணியின் இரண்டாவது படியில் கை வைத்தபடி கிடந்தார்.

வால்வு விசிறியை முந்தியது நிச்சயம். ஏன் முந்தியது? மணி கேட்கும் முன்னே அவர் அவசரப்பட்டுத் திறந்தாரா? அல்லது மேலே நின்றவள் விசிறியைப் போடும் முன்னே மணியை அடித்துவிட்டாளா? மேலே நின்றவள்தான் துளசிமணி. ஐ.டி.ஐ. படித்த ஒப்பந்தத் தொழிலாளி.

செக் லிஸ்ட் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே டிக் அடித்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைய தாளில் எல்லா டிக்கும் ஒழுங்காக இருந்தன. ஆனால் கனத்த குளிர்க் கையுறையைப் போட்டுக்கொண்டு பேனா பிடிக்க முடியாது. அதனால் காலை டீ குடிக்கும்போதே முழுத் தாளையும் டிக் அடித்து முடித்துவிட்டுத்தான் அங்கே எல்லோரும் வேலைக்குப் போவார்கள். அவர் சொல்லி நானே சிரித்திருக்கிறேன். கணினிப் பதிவில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் காலியாக இருந்தது. மின்சாரம் தடுமாறிவிட்டது என்றார்கள்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் வந்தது: ஊழியரின் கவனக்குறைவு. காஸ் அடுப்பை இரண்டு முறை திருகிப் பார்க்கும் மனிதரின் கவனக்குறைவு.

காரியம் முடிந்த வாரம் மையத்தின் இயக்குநர் ஹரிஹரசுதன் வீட்டுக்கு வந்தார். என் கொழுந்தன் அங்கமுத்து நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர்ல பழி விழுந்திருக்கு. எனக்கும் அது மனசுக்கு ஒப்பல. அதைத் துடைக்க ஒரு வழி இருக்கு."

"என்ன வழிங்க?"

"அந்தக் குழிக்குப் பக்கத்து அறையில ஒரு தகடு இருக்கு. ஒரு சாதாரண பொருள் இல்ல அது. சுத்தி நடக்கிற காரியம் எந்த வரிசையில நடந்துதுன்னு அதுல பதியும். மணி முதல்லயா, வால்வு முதல்லயான்னு அதுகிட்ட கேக்கலாம். விசாரணை அதிகாரி முன்னாடியே கேப்போம். நீங்க ஒரு மனு கொடுத்தாப் போதும்."

மனுவின் வாசகத்தையும் அவரே அடித்துக் கொண்டு வந்திருந்தார். அங்கமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசுங்க சார்" என்றான். நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். எதிர்த்தரப்புக்காரர் நம் மனுவை எழுதிக்கொடுக்கிறார் என்றால், அதில் அவருக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"படிச்சுப் பாத்து அனுப்பறேனுங்க" என்றேன்.

மறுநாள் மையத்துக்குப் போனேன். தகட்டைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானி ஜெசிந்தா. நாகர்கோவில் பெண், முப்பத்திரண்டு வயது. என் கணவரோடு நாலு வருடம் வேலை பார்த்தவள். எங்கள் வீட்டில் இரண்டு தீபாவளிக்குச் சாப்பிட்டிருக்கிறாள்.

காந்த அறைக்குப் போகும் முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. வாசலில் ஒரு அம்மா தட்டு வைத்துக்கொண்டு நிற்பாள். அங்கே வேலை பார்க்கும் கல்யாணமான பெண்கள் எல்லோரும் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள்.

"ஊக்கு, வளையல், மெட்டி எல்லாங் கழட்டிருங்க்கா. அப்பறம் கழுத்துல..." என்று அந்த அம்மா ஆரம்பித்தாள். என் கழுத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

தகடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆளுயரக் குளிர்க் குடுவைக்குள் இருந்தது. குடுவை மூடியில் விசாரணை அதிகாரியின் அரக்கு முத்திரை. விபத்து நடந்து ஆறாம் நாள் வைத்தது.

"இதுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் ஜெசிந்தா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் சற்று யோசித்தாள். "அக்கா, உங்க வீட்டுல இருந்து கிழக்க நூறடி, அப்புறம் வடக்க நூறடி போனா எங்க போய்ச் சேருவீங்க?"

"கிழக்க நூறடியில சாக்கடை இருக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. "சரி, சாக்கடையத் தாண்டிப் போங்க. முதல்ல வடக்க போயிட்டு அப்புறம் கிழக்க போனாலும் அதே இடந்தான?"

"ஆமா."

"இந்தத் தகட்டுக்குள்ள ஓடுற எலக்ட்ரானுக்கு அப்படி இல்ல. காந்தமும் குளிரும் அதுகளை அப்படி ஆக்கிருது. முதல்ல இது, அப்புறம் அதுன்னா ஒரு இடம். மாத்திச் செஞ்சா வேற இடம். உண்மையில அதுக்குள்ள இடம்னே ஒண்ணு கிடையாது. புள்ளி இல்லாத நிலம். நடந்த காரியம், அதோட வரிசை, ரெண்டுதான் உண்டு. அந்த மாதிரி நிலத்துக்கும் கணக்குக்காரங்க ஒரு வடிவியல் எழுதி வச்சிருக்காங்க."

"எலக்ட்ரானுக்கு ஞாபகமா?"

"தனித்தனியாக் கேட்டா ஒண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது. கோடானுகோடி சேந்து நிக்கும்போதுதான் ஞாபகம். அதுவும் முழு எண்ணா இருக்கும். பூஜ்யம், இல்லேன்னா ஒண்ணு. அரை, முக்கால் எல்லாம் வராது. தகட்டுல கீறல் விழுந்தாலும், அழுக்குப் பட்டாலும் அந்த எண் மாறாது. மணிக்கும் வால்வுக்கும் போற கம்பி இதை ஒட்டித்தான் போகுது. ஒவ்வொண்ணும் ஓடும்போது இதை ஒரு பக்கமா லேசாத் தள்ளும். எது முந்தித் தள்ளிச்சோ அது உள்ளே நிக்கும்."

"வேற எதெல்லாம் தள்ளும்?"

அவள் வாசலில் இருந்த அம்மாவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "காந்தம் தள்ளும். குழிக் கதவோட மின் பூட்டும் தள்ளும்."

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. ஆள் குழியில் இறங்கும் முன் காந்தத்தின் மின்சாரத்தைக் குறைத்து இறக்கிவிட வேண்டும் என்பது விதி. காந்தம் ஏறியிருந்தால் வாயு மளமளவென்று வெளியேறும். தப்பிக்க நேரம் இருக்காது. இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு அவர் மணிக்கட்டில் கருநீலத் தழும்போடு வந்தார். ஸ்பானரைக் காந்தம் பிடுங்கியதாம். "இறக்காமயே எறங்கச் சொல்றாங்க கோதை. இறக்கி ஏத்துனா ரெண்டு நாள் சோதனை நின்னுருமாம்" என்றார். இதை நான் பிறகு விசாரணையிலும் சொன்னேன். செத்தவர் சொன்னதாகச் சொல்வது எதற்கும் ஆகாது என்று எனக்கே தெரியும்.

"அப்ப காந்தத்தை இறக்குனது முதல்லயா, குழிக் கதவைத் தொறந்தது முதல்லயான்னும் இதுகிட்டக் கேக்கலாம்."

"கேக்கலாம்."

"ரெண்டையும் கேட்டுரலாமே."

"அங்கதான் சிக்கல். ஒரு கேள்வி கேக்குறதே அதை ஒரு தள்ளு தள்ளுறதுதான். முதல்ல கேக்குற கேள்விக்குத்தான் உண்மையான பதில். அது ரெண்டாவதைக் கலைச்சிரும்."

நான் கோர்ட்டில் பார்த்த ஒரு பஸ் கண்டக்டரைச் சொன்னேன். வக்கீல் முதலில், "அன்னிக்கு நீங்க கண்ணாடி போட்டிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகு, "இவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவன், "சரியாத் தெரியலீங்க" என்றான். எதிர் வக்கீல் நேராக, "இவர்தானே?" என்று தொடங்கியிருந்தால், "இவரேதாங்க" என்றிருப்பான்.

"அதேதான் அக்கா, அதேதான்!" ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உங்க கண்டக்டர் முழிக்கிற முழியில தெரிஞ்சிரும். இது முழிக்காது. கலைஞ்ச பிறகும் பளிச்சினு ஒரு முழு எண் சொல்லும். நாணயத்தைச் சுண்டிப் போட்ட மாதிரி ஒரு எண். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லும். உண்மைப் பதிலுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது."

"நமக்கு முன்னாடி யாராச்சும் கேட்டுட்டுப் போயிருந்தா?"

"அதுவும் தெரியாது."

அப்போது அவள் குடுவையின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடி சுத்தமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். இயக்குநர் என்னை மணியையும் வால்வையும் கேட்க வைக்கிறார். அந்தப் பதில் எப்படி வந்தாலும் குற்றவாளி செத்துப்போன மெக்கானிக், அல்லது ஒப்பந்தத் தொழிலாளி. காந்தத்தைப் பற்றிய கேள்வி என் மனுவாலேயே கலைந்துபோகும். இறக்காத காந்தத்தோடு ஆளை இறக்கியவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அவர் எழுதிக் கொடுத்த மனுவைக் கிழித்துவிட்டு, காந்தமா கதவா என்று கேட்கும்படி வேறு மனுவை நானே அடித்தேன்.

அங்கமுத்துவுக்குப் புரியவில்லை. "அண்ணி, அண்ணன் பேரைக் காப்பாத்த ஒரே ஒரு கேள்வி கெடைச்சிருக்குது. அதைய உட்டுட்டு அந்த ஆளை மாட்ட வெக்கப் பாக்கறீங்க. கோர்ட்டுல டைப் அடிச்சு அடிச்சு நீங்களும் வக்கீலாயிட்டீங்க."

"உங்கண்ணன் பேரு எனக்குத் தெரியும் அங்கமுத்து. அதைத் தகடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை."

"ஊருக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

அவன் சொன்னதுதான் இரவும் பகலும் என்னை அரித்தது. காந்தத்தைக் கேட்டால் மணி கலையும். அவர் மணிக்குக் காத்திருந்தார் என்பதை இந்த உலகத்தில் எதைக் கொண்டும் பிறகு நிரூபிக்க முடியாது.

விசாரணை மையத்தின் கூட்ட அரங்கில் நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி. துளசிமணியை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். மெலிந்த, நெற்றியில் வியர்த்துக்கொண்டே இருக்கிற பெண். முப்பத்தெட்டு வயது.

"விசிறியைப் போட்டபிறகு மணி அடிச்சீங்களா, முன்னாடியா?" என்று அதிகாரி கேட்டார்.

"மணி பலகையில இந்தக் கோடியிலயும் விசிறி அந்தக் கோடியிலயும் இருக்குமுங்க. போற வழியில மணிய அமுக்கிட்டுப் போயி விசிறியப் போடறது எங்க எல்லாருக்குமே பழக்கமுங்க. கீழ ஏணியில எறங்கவே ஒரு நிமிசம் ஆவுமுங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு..."

"அன்னைக்கு?"

"அண்ணன் அன்னிக்கு முன்னாடியே எறங்கி நின்னுட்டு இருந்தாருங்க."

"நீங்க எதை முதல்ல அமுக்கினீங்க?"

"ஞாபகம் இல்லீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் 'ஞாபகம் இல்லை' என்பதை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன். நன்றாக ஞாபகம் இருப்பவர்கள் சொல்வது அது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்க மனு வேற மாதிரி இருக்கு. காந்தத்தைப் பத்திக் கேட்டா, மணியைப் பத்தின பதிலை நான் ஏத்துக்க முடியாது. புரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"புரிஞ்சுதானுங்க."

இயக்குநர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாற்றம் இல்லாததையே நான் குற்றமாக எடுத்துக்கொண்டேன்.

முத்திரையை உடைத்தார்கள். ஜெசிந்தா விசைப்பலகையில் எதையோ தட்டினாள். கால் மணி நேரம் கழித்துத் திரையில் ஒரு எண் வந்தது. பூஜ்யம்.

"பூஜ்யம்னா?" என்றார் அதிகாரி.

"காந்தம் முதல்ல இறக்கப்பட்டது. கதவு பிறகு திறந்தது" என்று ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவ்வளவுதான். நிர்வாகத்தின் மேல் தவறில்லை. அறிக்கையின் கடைசி வரியை இன்னும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும்: 'விபத்து, பணியில் இருந்த இருவரில் ஒருவரது வரிசைப் பிழையால் நேர்ந்தது, எவரது என்று நிறுவ இயலவில்லை.' துளசிமணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இறந்தவரை நிறுத்த முடியாது என்பதால் அவர் பெயரை நோட்டீஸ் பலகையில் பாதுகாப்பு எச்சரிக்கைக்குக் கீழே போட்டார்கள். அங்கமுத்து பிறகு பல மாதம் வீட்டுக்கு வரவில்லை.

அறிக்கை வந்த சனிக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, உள்ள வரலாமா?"

"என்னைக்கு நீ கேட்டுட்டு வந்தே?"

வந்து உட்கார்ந்தவள் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அன்னிக்கு வந்த பூஜ்யம் சுண்டிப்போட்ட நாணயம். உண்மைப் பதில் இல்ல."

நான் எழுந்து வாசல் கதவைச் சாத்தினேன்.

"முத்திரை வைக்கிறதுக்கு முந்தின நாள் நான் தனியாப் போய்க் கேட்டுட்டேன். மணியா வால்வான்னு. அன்னிக்கு நிரப்பணும்னு நாள் குறிச்சதே நான்தான். அஞ்சு நாளா சாப்பிட முடியல. அண்ணன் அவசரப்பட்டாரான்னு தெரியாம என்னால இருக்க முடியல. கேட்டதால மத்த கேள்வி கலைஞ்சிரும்னு தெரியும். நீங்க மணியைத்தான் கேப்பீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. திரும்பக் கேட்டா அதே பதில்தான வரும், ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லன்னு நெனச்சேன். நீங்க மாத்திக் கேப்பீங்கன்னு..."

"அங்கயே சொல்லியிருக்கலாம்."

"பயந்துட்டேன் அக்கா. வெளிய தெரிஞ்சா சாட்சியக் கலைச்சதுக்கு ஜெயிலு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

என் கெட்டிக்காரத்தனம் என் கண் முன்னே கிடந்தது. நான் யாரையெல்லாமோ சந்தேகப்பட்டேன். வீட்டில் சாப்பிட்டுப் போனவளைச் சந்தேகப்படவில்லை. இயக்குநர் காந்தத்தை இறக்கினாரா இல்லையா என்பது இனி கடைசிவரை தெரியாது. இதற்காக அவளை அடித்திருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"உனக்கு என்ன பதில் வந்துது?"

அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். "மணிதான் முதல்ல அக்கா. அண்ணன் காத்திருந்துதான் தொறந்திருக்காரு."

அவள் போனபின் நான் அவருடைய படத்துக்கு முன்னால் போய் நிற்கவில்லை, அழவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துச் சாதம் வடித்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். நாற்பது நாளில் முதல்முறை. அதன் பிறகுதான் துளசிமணியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. 'ஞாபகம் இல்லீங்க.' அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, பாதிப் பழியை என் கணவர் தலையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்கு நிரூபிக்க முடியாவிட்டாலும் அவள் வாயால் ஒருமுறை, எனக்கு மட்டும், அதைச் சொல்ல வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஜெசிந்தாவைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிக் கேட்பது என்று கேள்விகளை வரிசைப்படுத்தினேன். வக்கீல்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஜயமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் துளசிமணி பதறி எழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பதறவில்லை.

"வாங்க்கா. உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?"

முகம் தெளிந்திருந்தது. நெற்றியில் வியர்வை இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். வேலை போன பெண்ணுக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று எனக்குள் சுருக்கென்றது.

"காப்பி வேண்டாம். உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க்கா. நானே உங்களை வந்து பாக்கோணும்னு இருந்தேன். எப்படி மூஞ்சியக் காட்டறதுன்னு தெரியாமத்தான்." தரையில் என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "ஒரு மாசமா நான் மனுசியாவே இல்லீங்க்கா. மொதல்ல மணிய அமுக்குனனா, விசிறிய அமுக்குனனான்னு கண்ண மூடுனா ரெண்டு மாதிரியும் தெரியுது. ரெண்டுமே நெசமாட்டம் தெரியுது. புள்ளையக் கூப்பிட்டு, அம்மா ஒரு ஆளைக் கொன்னுட்டேன் சாமின்னு சொன்னேன். அவ அழுதுட்டே ஜெசிந்தா மேடத்துக்குப் போன் போட்டுட்டா."

"ஜெசிந்தாவுக்கா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிச்சிட்டு நேரா இங்க வந்தாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுன்னு தெரியும். உங்க ஊட்டுக்கு முன்னாடியே வந்ததாச் சொன்னாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவிங்க தகட்டுகிட்ட முன்னாடியே கேட்டிருக்காங்களாமுங்க. வால்வுதான் மொதல்லன்னு வந்துச்சாம். நான் மணி அமுக்கறதுக்குள்ள அண்ணன் தொறந்துட்டாராம். 'உன் மேல தப்பில்ல துளசி, சாப்பிடு'ன்னு சோத்தப் போட்டு ஊட்டி உட்டுட்டுப் போனாங்க."

வெளியே ரயில் வருவதற்காகக் கேட் மூடும் மணி அடித்தது.

ஒரே தகடு. சனிக்கிழமை எனக்கு ஒரு பதில், ஞாயிற்றுக்கிழமை இவளுக்கு வேறு பதில். ஜெசிந்தா உண்மையில் எதைப் பார்த்தாள்? எங்கள் இருவரில் யாருக்கு உண்மையைச் சொன்னாள்? ஒருவேளை அவள் அந்தக் குடுவை அருகே போகவே இல்லையோ? காந்தத்தின் பூஜ்யம் உண்மைதானோ? என்னைச் சமாதானப்படுத்த அதையும் நாணயம் என்று சொல்லிவிட்டாளோ? எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அடுத்த வருடம் அவள் வெளிநாடு போனாள். வழியனுப்பப் போனபோதும் நான் கேட்கவில்லை.

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் கையில் இருந்தன. ஒன்றே ஒன்றைக் கேட்டால் போதும்: 'எங்கிட்ட மணிதான் முதல்லன்னு சொன்னாளே, அது ஏன்?' இவள் தெளிவு ஒரு நொடியில் கலைந்துவிடும். என் கணவரின் பெயரில் பாதியையாவது இவளிடமிருந்து மீட்டுக்கொண்டு போகலாம்.

துளசிமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெளிவுக்கு அடியில் மெல்ல ஒரு பயம் எட்டிப் பார்த்தது.

"உங்ககிட்டயும் அதையேதானுங்க சொன்னாங்க?"

"அதையேதான் சொன்னா துளசி. வால்வுதான் முதல்ல."

அவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தலையை ஆட்டினாள்.

"ஆனா என்னால நம்பவே முடியலீங்க்கா. ஏழு வருசம் அவரோட வேலை பாத்திருக்கேன். நஞ்சப்பண்ணன் ஒருநாளும் மணி கேக்காம வால்வைத் தொட்டவரே இல்லீங்களே."

அறிக்கையில், பத்திரிகையில், நோட்டீஸ் பலகையில், என் கொழுந்தன் வாயில்கூட, எங்கும் நான் கேட்காத வார்த்தை. அதைச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"அன்னிக்கு அவசரப்பட்டுட்டார்" என்றேன்.